பார்ப்பவர் கண்ணை மட்டும் கைகாட்டாதீர்கள்: கார்ட்டூன் வெளியிடும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசியல் கார்ட்டூன்களைத் தேர்ந்தெடுத்து அச்சுக்கு அனுப்பும் இதழாசிரியர்களுக்கு,

வணக்கம்.

நாளிதழைக் கையில் எடுத்தால் தலைப்புச் செய்திக்கு முன்பே கார்ட்டூனைத் தேடுகிற வாசகி நான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு முழுப்பக்கக் கட்டுரை சொல்லத் தயங்குவதை நாலு கோட்டில் சொல்லிவிடுகிற கலை அது. அதன்மேல் இருக்கிற பிரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இதழில் ஒரு படம் வந்தது. செயல்படாத அரசைக் கிண்டல் செய்வதற்காக, ஆட்சியில் இருப்பவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, தலை ஒரு பக்கம் சரிந்து, வாயில் எச்சில் ஒழுக வரைந்திருந்தார்கள். நான் பார்த்தேன், சிரித்தேன், அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அன்று மாலை என் தோழி அதே படத்தைப் பார்த்தாள். இருபது வருடமாகச் சக்கர நாற்காலியில் இயங்குகிறவள். அதில் போய்த்தான் வேலை பார்க்கிறாள், அதில் இருந்துகொண்டுதான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். "ஒண்ணும் செய்யத் தெரியாதவன்னு காட்டுறதுக்கு இந்த நாற்காலிதான் கிடைச்சுதா?" என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

இருவரும் சேர்ந்து அந்த இதழுக்கு எழுதினோம். மன்னிப்புக் கேளுங்கள் என்றோ படத்தை நீக்குங்கள் என்றோ எழுதவில்லை. இந்த நாற்காலியைத் தேர்ந்தெடுத்தபோது என்ன யோசித்தீர்கள் என்றுதான் கேட்டோம். ஒரே வரியில் பதில் வந்தது: ஒரு கேலிச்சித்திரம் புண்படுத்துகிறதா என்பது பார்ப்பவரின் பார்வையைப் பொறுத்தது.

அந்த இதழ் மட்டும் சொல்கிற பதில் இல்லை இது. உலகம் முழுக்கப் பல ஆசிரியர்கள் இதே வரியைச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடலை உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

அந்த வரியில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. நியூயார்க் நகரத்தின் கஜானாவைச் சுரண்டிய அரசியல்வாதி வில்லியம் ட்வீட், காவலிலிருந்து தப்பி ஸ்பெயின்வரை ஓடினார். ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் தாமஸ் நாஸ்ட் வரைந்த கார்ட்டூனை வைத்துத்தான் 1876இல் அங்கே அவரை அடையாளம் கண்டார்கள். அந்தப் படத்தில் ட்வீட்டின் பிடியில் இரண்டு சிறுவர்கள் இருப்பார்கள். பெரிய கொள்ளைக்காரர் சில்லறைத் திருடர்களைப் பிடித்துக் கொடுக்கிறார் என்பதுதான் நாஸ்ட்டின் கிண்டல். ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஸ்பெயின் அதிகாரிகளோ இவர் பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்துக் கைது செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆள் சரி, குற்றம்தான் வேறு. ஒரே கோடுகள் கடல் தாண்டியதும் வேறு கதை சொல்லிவிடுகின்றன.

இன்னொரு சம்பவம் தமிழ் வாசகர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 2012 மே மாதம், பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் இருந்த ஒரு பழைய கார்ட்டூன் நாடாளுமன்றத்தையே உலுக்கியது. 1949இல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் வரைந்தது. அரசியல் சட்டம் என்று பெயரிட்ட நத்தையின்மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பின்னால் சாட்டையோடு நேரு. சுற்றி ஒரு கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. சட்டம் எழுதும் வேலை நத்தை வேகத்தில் போகிறது என்பது அன்றைய கிண்டல். ஆனால் 63 வருடம் கழித்து, தலைமுறை தலைமுறையாகச் சாட்டையை உடம்பில் வாங்கிய மக்களின் பிள்ளைகள் அதைப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரிந்தது நத்தையின் வேகமா? ஒரு பிராமணர் சாட்டையோடு நிற்கிறார், அவர் முன்னால் அம்பேத்கர் இருக்கிறார். அதுதான் தெரிந்தது.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழைய படம்தானே, இதில் என்ன இருக்கிறது?" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அடுத்த மாதமே அதே வரிசைப் பாடநூல்களில் இன்னொரு படம் பிரச்சினை ஆனது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி ஆர்.கே. லட்சுமண் வரைந்தது. கல்லெறியும் மாணவன். அவனுக்கு ஆங்கிலமும் படிக்க வராது என்று சொல்கிற வாசகம். எனக்குச் சுருக்கென்றது. தீக்குளித்தவர்களின், துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் போராட்டம் எழுத்தறிவில்லாத கும்பலின் கலாட்டாவாக ஒரு பாடநூலில் உட்கார்ந்திருப்பதைத் தாங்க முடியவில்லை. அன்று யாராவது என்னிடம் வந்து, "அதெல்லாம் பார்ப்பவர் பார்வையைப் பொறுத்தது" என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

அந்த இரண்டு மாதத்தில் எனக்கு உறைத்தது இதுதான். பார்வை ஆளுக்கு ஆள் மாறும், சரி. ஆனால் அது ருசி மாறுவதைப் போன்றது இல்லை. ஒருவருக்குப் பாகற்காய் பிடிக்கும், இன்னொருவருக்குப் பிடிக்காது, அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. அம்பேத்கர் படத்தில் எனக்குக் காயம் தெரியாததற்குக் காரணம் என் ரசனை இல்லை, என் அறியாமை. அந்தச் சாட்டை யார் முதுகில் விழுந்தது என்பதை நான் உடம்பால் அறிந்தவள் இல்லை. இந்தி எதிர்ப்புப் படத்தில் எனக்குத் தெரிந்தது வேறு பலருக்குத் தெரியவில்லை. என் தோழிக்கும் எனக்கும் இடையே இருந்த வித்தியாசமும் அதுதான். நாற்காலியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் "பார்வையைப் பொறுத்தது" என்று சொல்லும்போது, தெரிந்தவர் பார்வையையும் தெரியாதவர் பார்வையையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டும் சமம் என்று கணக்கை மூடிவிடுகிறீர்கள். எனக்கு வருத்தம் அங்கேதான்.

(அந்தப் பாடநூல் படத்தை நீக்கப்போவதாக அரசு அறிவித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. படத்தை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து ஏன் இத்தனை பேருக்கு வலித்தது என்று பக்கத்திலேயே இரண்டு பத்தி சேர்த்திருந்தால் மாணவர்கள் சாதியைப் பற்றியும் படத்தைப் பற்றியும் ஒன்றாகக் கற்றிருப்பார்கள்.)

பார்ப்பவர்மேல் பழியைப் போடுகிற வாதத்துக்குப் பழைய வரலாறு உண்டு. 1831இல் பிரான்ஸ் மன்னர் லூயி ஃபிலிப்பை அவமதித்ததாக சார்ல் ஃபிலிப்போன் என்ற இதழாசிரியரை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவர் அங்கேயே நான்கு படங்கள் வரைந்து காட்டினார். முதலில் மன்னர் முகம். அடுத்தடுத்து அது கொஞ்சம் கொஞ்சமாக மாறி, நாலாவது படத்தில் வெறும் பேரிக்காய் ஆகிவிடுகிறது. இதில் எந்தப் படத்துக்காக என்னைத் தண்டிப்பீர்கள், பேரிக்காய் மன்னரைப் போல இருந்தால் அது என் குற்றமா என்பது அவர் வாதம். ஆறு மாதச் சிறையும் 2000 ஃபிராங்க் அபராதமும் கிடைத்தன. ஆனால் பேரிக்காய் ஜெயித்தது. நாடு முழுக்கச் சுவர்களில் பேரிக்காய் முளைத்தது.

அந்த வாதத்தை நான் ரசிக்கிறேன். ஆனால் அதை யார், யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். ஜெயிலுக்குப் போகவிருந்தவர், ஜெயிலுக்கு அனுப்பும் அதிகாரத்திடம் சொன்னது. அது மட்டுமில்லை, பேரிக்காய் தனியொருவர் பார்வையில் மன்னராகத் தெரியவில்லை. பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் பேரிக்காய் என்றால் ஏமாளி, மண்டு. அது ஊருக்கே தெரிந்த வார்த்தை. ஃபிலிப்போன் எல்லோருக்கும் பொதுவான அந்த மொழியிலிருந்து எடுத்தார், அதனால்தான் எல்லோருக்கும் புரிந்தது. கார்ட்டூன் என்கிற கலையே அப்படித்தான் வேலை செய்கிறது. நரி வரைந்தால் தந்திரம், கழுகு வரைந்தால் பேராசை. படிப்பவர் மனதில் ஏற்கனவே இருக்கும் பொருளைக் கடன் வாங்கித்தான் ஒரு சதுரத்துக்குள் இவ்வளவையும் அடைக்க முடிகிறது. சிரிப்பு வரும்போது "நாங்கள் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது" என்று பெருமைப்படுகிறவர்கள், புகார் வரும்போது மட்டும் "அது உங்கள் தனிப்பட்ட பார்வை" என்று எப்படிச் சொல்ல முடியும்? சக்கர நாற்காலி என்றால் கையாலாகாத்தனம் என்று வாசகர் படிப்பார் என நம்பித்தானே அதை வரைந்தீர்கள்?

இந்த வாதம் முழுவதுமாக உடைந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. 1923இல் ஜெர்மனியில் யூலியஸ் ஸ்ட்ரைக்கர் தொடங்கிய டெர் ஷ்டூர்மர் என்ற இதழ். யூதர்களை வளைந்த மூக்கும் தடித்த உதடுமாக, சிலந்தியாக, புழுவாக, இதழ் தவறாமல் அதில் வரைந்தார்கள். அந்த இதழைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் யாரும் புண்படவில்லை. அவர்கள் சிரித்தார்கள். பார்ப்பவர் கண்ணே அளவுகோல் என்றால், அந்த வாசகர் வட்டத்துக்குள் அந்தப் படங்களில் குற்றமே கிடையாது. போர் முடிந்து நியூரம்பர்க் விசாரணையில் மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்காக, அழித்தொழிக்கத் தூண்டியதற்காக ஸ்ட்ரைக்கருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 1946 அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். யார் புண்பட்டார், யார் புண்படவில்லை என்று எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை பிடிபடாது. படத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு மனிதர் செய்ததை அது கேலி செய்கிறதா, அவர் பிறந்த பிறப்பையா? ட்வீட்டைப் பண மூட்டைத் தலையோடு வரைந்தபோது நாஸ்ட் ஒரு செயலை வரைந்தார். அதே 1871இல் கத்தோலிக்க ஆயர்களை, பள்ளிப் பிள்ளைகளைத் தின்ன ஆற்றிலிருந்து ஊர்ந்து வரும் முதலைகளாக வரைந்தவரும் அவரேதான். ஐரிஷ் மக்களைக் குரங்கு முகத்தோடு வரைந்ததும் அதே பேனா. அந்த மனிதரை நான் எவ்வளவோ மதிக்கிறேன். ஆனாலும் முதல் படத்தோடு இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பாராட்ட என்னால் முடியாது.

பார்ப்பவர் எப்போதும் சரி என்றும் நான் சொல்லவில்லை. வலித்ததா இல்லையா என்பதை வலித்தவர்தான் சொல்ல முடியும், அதில் வாதாட நமக்கு உரிமை இல்லை. ஆனால் படம் என்ன சொல்கிறது என்பதை உட்கார்ந்து பேசலாம், அதில் பார்ப்பவரும் தவறலாம். 2008 ஜூலையில் நியூயார்க்கர் இதழின் அட்டையில் பேரி பிளிட் வரைந்த படம் நினைவிருக்கிறதா? வெள்ளை மாளிகை அறையில் தலைப்பாகையோடு ஒபாமா, முதுகில் துப்பாக்கியோடு மிஷெல், கணப்பில் எரியும் அமெரிக்கக் கொடி. அந்தத் தம்பதியைப் பற்றிப் பரப்பப்பட்ட வதந்திகளைக் கேலி செய்த படம் அது. ஆனால் ஒபாமாவின் பிரசாரக் குழுவே அதைக் கண்டித்தது. படத்துக்கு "அச்சத்தின் அரசியல்" என்று பெயர் இருந்தது, ஆனால் அந்தப் பெயர் அட்டையில் இல்லை, உள்ளே இருந்தது. அட்டையை மட்டும் பார்த்தவருக்கு வதந்தியின் கேலி தெரியவில்லை, வதந்திதான் தெரிந்தது. இன்று எல்லாப் படமும் அப்படித்தான் பயணம் செய்கிறது. பக்கத்திலிருந்து வெட்டி, தலைப்பை உதிர்த்து, செல்பேசி செல்பேசியாகத் தாவுகிறது. எங்கள் வாசகர்களுக்கு எங்களைத் தெரியும் என்ற நம்பிக்கையில் வரைகிற காலம் போய்விட்டது.

2005 செப்டம்பர் 30 அன்று டென்மார்க்கின் யூலண்ட்ஸ் போஸ்டன் நாளிதழ் நபிகள் நாயகம் குறித்த 12 கார்ட்டூன்களை வெளியிட்டதும், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பல நாடுகளில் கலவரம் மூண்டு உயிர்கள் போனதும் நீங்கள் அறிந்தது. நபிகளாரை வரைவதே தங்கள் நம்பிக்கைக்கு விரோதம் என்று கருதும் கோடிக்கணக்கான மக்களின் வலியை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டும் ஒரே மாதிரியான படங்கள் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஒன்றில் தலைப்பாகை வெடிகுண்டாக இருந்தது. ஒரு மதத்தாரையே கொலைகாரர்களாகக் காட்டுகிறது என்று அதை வாசித்தவர்களிடம் நியாயம் இருக்கிறது. இன்னொன்றில் ஒரு பள்ளிச் சிறுவன் கரும்பலகையில் பாரசீக மொழியில் எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டுகிறான். அந்த நாளிதழின் ஆட்கள் வம்பிழுக்கும் பிற்போக்குவாதிகள் என்பது அதன் பொருள். படம் கேட்ட இதழையே கேலி செய்திருக்கிறார் அந்த ஓவியர்! ஆனால் ஆதரித்த தரப்பும் எதிர்த்த தரப்பும் பன்னிரண்டையும் ஒரே கட்டாகக் கட்டித்தான் பேசின. படத்தைப் படமாகப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

வன்முறையைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 2015 ஜனவரி 7 அன்று பாரிஸில் ஷார்லி எப்டோ என்ற கேலி இதழ் மீதான தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். எந்தப் படமும் எந்த வலியும் அதற்கு நியாயம் ஆகாது.

ஆள்பவர்களின் மனம் புண்படுகிற விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதே மன்னர் லூயி ஃபிலிப்பை மக்கள் பணத்தை விழுங்கும் பூதமாக வரைந்ததற்காக 1832இல் பிரெஞ்சு ஓவியர் ஒனோரே தோமியே சிறைக்குப் போனார். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காகத் தமிழக சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாளில் விடுவித்தார்கள். 2011 ஆகஸ்டில் சிரியாவின் கார்ட்டூனிஸ்ட் அலி ஃபர்சாத்தை முகமூடி ஆட்கள் பிடித்து அடித்து, வரைகிற கைகளையே நொறுக்கினார்கள். இங்கெல்லாம் புண்பட்டதாகச் சொல்லிக்கொண்டவர்களின் கையில் போலீஸ் இருந்தது, சிறை இருந்தது. அவர்கள் புண்பட்டதும் பார்வையைப் பொறுத்ததுதான். ஆனால் அவர்களுக்கு வலித்தது தாங்கள் செய்த காரியம் படத்தில் தெரிந்ததால். என் தோழிக்கு வலித்தது அவள் செய்யாத ஒன்றுக்காக. இந்த இரண்டையும் "புண்பட்ட மனங்கள்" என்று ஒரே பெயரில் கோப்பில் போட்டால், நாளைக்கு ஒரு அமைச்சர் வந்து நிற்கும்போது அவரைத் திருப்பி அனுப்ப உங்களிடம் காரணமே இருக்காது.

2019இல் நியூயார்க் டைம்ஸ் செய்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதன் சர்வதேசப் பதிப்பில், கழுத்துப்பட்டையில் யூதர்களின் அடையாளமான தாவீது நட்சத்திரம் தொங்கும் வழிகாட்டி நாயாக இஸ்ரேலியத் தலைவர் நெதன்யாகுவையும், கறுப்புக் கண்ணாடி அணிந்து அதன் பின்னால் போகிறவராக டிரம்ப்பையும் காட்டும் படம் வந்தது. டெர் ஷ்டூர்மரை நினைவில் சுமக்கிறவர்களுக்கு அந்த நட்சத்திரமும் அந்த மிருக உடம்பும் என்ன செய்திருக்கும் என்று புரிந்துகொள்வது கடினமில்லை. இதழ் மன்னிப்புக் கேட்டது, நல்லது. அப்புறம் ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தப் பதிப்பில் தினசரி அரசியல் கார்ட்டூனையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத கார்ட்டூனிஸ்ட்கள் இடம் இழந்தார்கள். பார்வையைப் பொறுத்தது என்று கையை விரிப்பதும், வம்பே வேண்டாம் என்று கடையைச் சாத்துவதும் எனக்கு ஒரே காரியமாகத்தான் தெரிகின்றன. இரண்டிலும் அந்தக் குறிப்பிட்ட படத்தில் என்ன தவறு என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். படம் அச்சுக்குப் போகும் முன், அதில் கடன் வாங்கியிருக்கும் அடையாளம் யாருடையது என்று ஒருமுறை கேளுங்கள். நாற்காலியா, தோல் நிறமா, சேலையா, தலைப்பாகையா? அந்த அடையாளத்தோடு வாழ்கிற ஒருவர் உங்கள் ஆசிரியர் குழுவில் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று யோசியுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு அந்தப் படத்தைத்தான் போடுவேன் என்று முடிவெடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அப்படியானால் அந்தப் படம் யாரை, எதற்காகக் கேலி செய்கிறது என்று புகார் எழுதியவரிடம் முழு வாக்கியத்தில் சொல்லுங்கள். "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்ற வாசகத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அதில் வருத்தமும் இல்லை, விளக்கமும் இல்லை. புகார்க் கடிதத்தைப் படம் வந்த அதே பக்கத்தில் போடுங்கள். அதற்கும் மேலே, இன்னும் கூர்மையாக, இன்னும் துணிச்சலாகப் படம் போடுங்கள். அதிகாரத்தில் இருப்பவர்கள் காலையில் பேப்பரைப் பிரிக்கவே பயப்பட வேண்டும் என்றுதான் என்னைப் போன்ற வாசகர்கள் ஆசைப்படுகிறோம்.

என் தோழியிடம் இந்த மடலைப் படித்துக் காட்டினேன். அந்த ஆட்சியாளரைக் கேலி செய்ததில் அவளுக்கு ஆட்சேபணையே கிடையாது, அவரை அவளுக்கும் பிடிக்காது. "நாற்காலி இல்லாம அந்தாளை எப்படி வரைஞ்சிருப்பாங்கன்னு மட்டும் பாக்கணும்" என்றாள். நாடா கட்டிய கோப்புகளுக்கு நடுவில் தூங்குகிறவராக, சாவி தொலைந்த பொம்மையாக, எரியும் வீட்டுக்குள் செல்ஃபி எடுப்பவராக என்று அவளே மூன்று யோசனை சொன்னாள். மூன்றுமே நீங்கள் போட்டதைவிடச் சிரிப்பு மூட்டின. எங்கள் முதல் கடிதம் உங்களில் ஒருவர் மேசையில் இன்னும் இருக்கும். அதில் கேட்டிருந்த கேள்விக்கு அவள் இன்னும் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
கார்ட்டூனை முதலில் தேடும் ஒரு வாசகி